கந்தக பூமிக்கு ஒரு குடும்ப மருத்துவர்

சிவகாசி வட்டாரத்தில் 'மருந்து' என்ற சொல்லுக்கு முதற்பொருள் வேறு. வெம்பக்கோட்டையிலோ ஏழாயிரம்பண்ணையிலோ ஒருவர் மருந்து கலக்கப் போயிருக்கிறார் என்று சொன்னால், அவர் வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேரும் அறையில் நிற்கிறார் என்று பொருள். அந்த மருந்து என்ன செய்யும் என்பதை அங்கே குழந்தைகூட அறியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது அதுதான். அதனாலேயே அதைச் சுற்றி ஓர் ஒழுங்கு எழுந்திருக்கிறது. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அறைகளுக்கு இடையே இத்தனை இடைவெளி வேண்டும், கலந்த மருந்தைத் தேக்கி வைக்கக் கூடாது, வாசலில் மணல் வாளி இருக்க வேண்டும். விதிகள் மீறப்படுகின்றன, உண்மைதான். ஆனால் விதி என்று ஒன்று இருப்பதால்தான் அதை மீறல் என்று சொல்லவாவது நம்மால் முடிகிறது.

அதே கரிசல் மண்ணில் ஓசையில்லாமல் நிகழும் இன்னொரு வெடிப்பைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன். அதற்கு விதியும் இல்லை, மணல் வாளியும் இல்லை, மறுநாள் நாளிதழில் செய்தியும் இல்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வதையோ வெடிப்பதையோ பக்கவாதம் என்கிறோம். ஊர்ப் பேச்சில் 'ஒரு பக்கம் விழுந்துபோச்சு', 'வாதம் அடிச்சிருச்சு' என்பார்கள். இந்தச் சொற்களைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இடி அடிப்பதுபோல, சுவர் விழுவதுபோல, முன்னறிவிப்பில்லாமல் வெளியிலிருந்து வந்து தாக்கும் ஒன்றாக நோயை இவை காட்டுகின்றன. விதியின் மொழி இது. விதி என்று ஆனபின் அதைத் தடுப்பதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

மருத்துவம் சொல்வது வேறு. 32 நாடுகளில் நடந்த 'இன்டர்ஸ்ட்ரோக்' ஆய்வு, பக்கவாதத்துக்கான அபாயத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு நாம் மாற்றக்கூடிய பத்துக் காரணங்களுக்குள் அடங்குவதாக 2016இல் காட்டியது. அவற்றுள் தலையாயது உயர் ரத்த அழுத்தம். புகை, சர்க்கரை, கொழுப்பு, இடுப்புப் பருமன், உணவு, மது, உடலுழைப்பின்மை, மன அழுத்தம், இதய நோய் ஆகியவை மற்றவை. சுருங்கச் சொன்னால், ஒருவர் நொடியில் 'விழுந்தார்' என்கிறோமே, அந்த விழுதல் பத்து, இருபது ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. பார்ப்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பார்க்காமல் விட்டதன் அளவையும் எண்களிலேயே சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் 2020இல் மாநிலம் தழுவி நடந்த 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பில், வயதுவந்தோரில் மூவரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே. பின்னர் நடந்த அடுத்த சுற்றில் இந்த விகிதம் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது மகிழ்ச்சிக்குரியது. அப்போதும் ஐந்தில் ஒருவர் என்ற அளவைக்கூட அது எட்டவில்லை. மருந்துகள் மலிவானவை, பல பத்தாண்டுகளாகப் புழங்குபவை, அரசு இலவசமாகவே தருபவை. ஆகவே மருந்துப் பற்றாக்குறை இதற்குக் காரணம் அல்ல. குறைவது வேறொன்று.

அந்தக் குறை எதுவென்று புரிந்துகொள்ள இவ்வட்டாரத்து வாழ்க்கையை நினைத்துப் பார்க்கலாம். குறிப்பிட்ட யாரையும் சொல்லவில்லை. நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர், பட்டாசு ஆலையில் திரி வைப்பவர், எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர் என்று வைத்துக்கொள்வோம். விடிவதற்குள் சமைத்து முடித்துக் கம்பெனி வண்டி ஏறுகிறார். சோற்றுக்கு ஊறுகாய், வற்றல், சில நாள் கருவாடு. இடையில் பசித்தால் காராச்சேவு. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் 5 கிராம் உப்பு அவருடைய தூக்குவாளியிலேயே முடிந்துவிடுகிறது. எப்போதோ ஒரு மருத்துவ முகாமில் ரத்த அழுத்தம் அதிகம் என்று சொல்லி ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். தலைசுற்றல் நின்றது. மறுமுறை பார்த்தபோது அழுத்தம் சரியாக இருந்தது, மாத்திரையை நிறுத்திவிட்டார். அழுத்தம் சரியாக இருந்தது மாத்திரையால்தான், நிறுத்தினால் ஏறிவிடும் என்று யாரும் அவரிடம் உட்கார்ந்து பேசவில்லை. புறநோயாளிப் பிரிவு திறந்திருக்கும் காலை வேளையில் அவர் ஆலையில் இருக்கிறார். ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போகிறது. தீபாவளி நெருங்கும் மாதங்களில் விடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. தீபாவளி முடிந்து ஆலை மூடிக் கிடக்கையில் நேரம் இருக்கிறது, பணம் இல்லை.

இப்பெண்ணை அலட்சியம் செய்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வலிக்காத நோய்க்காக, வாழ்நாள் முழுக்க, வருமானத்தை இழந்து மாத்திரை வாங்கி உண்ண வேண்டும் என்று நாம் அவரைக் கேட்கிறோம். அதை ஒருவர் செய்ய வேண்டுமென்றால் அவரை ஆண்டுக்கணக்கில் அறிந்த, அவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கிற ஒரு மனிதர் தேவை. குடும்ப மருத்துவர் என்று நான் சொல்வது அவரைத்தான்.

இதை ஒருவர் செய்துகாட்டியும் இருக்கிறார். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் கிளின்கோரக் என்ற சிறிய நிலக்கரிச் சுரங்க ஊர். ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். 1961இல் ஜூலியன் டியூடர் ஹார்ட் அங்கே பொது மருத்துவராகச் சென்று சேர்ந்தார். காய்ச்சலுக்கு வந்தாலும் கால்வலிக்கு வந்தாலும் சான்றிதழ் கேட்டு வந்தாலும், வந்தவரின் ரத்த அழுத்தத்தை அளந்து எழுதிவைத்தார். வராதவர்களைத் தேடிப் போனார். தம் பொறுப்பில் இருந்த வயதுவந்தோர் அனைவரின் அழுத்தத்தையும் அளந்துவைத்த முதல் மருத்துவர் என்று அவரைச் சொல்கிறார்கள். நோயாளி வருவதற்காகக் காத்திராமல், பட்டியலை வைத்துக்கொண்டு நோயைத் தேடினார். இருபத்தைந்து ஆண்டு உழைப்பின் கணக்கை 1991இல் வெளியிட்டபோது, 65 வயதுக்குள் இறப்போரின் விகிதம் அதே வறுமையும் அதே தொழிலும் கொண்ட அண்டை ஊரைவிடக் கிளின்கோரக்கில் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவாக இருந்தது. பெரிய கருவி ஏதும் இல்லை. ஓர் அழுத்தமானி, ஒரு பதிவேடு, ஊரைவிட்டுப் போகாத ஒரு மருத்துவர், அவருடன் உழைத்த சிறு குழு.

'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' என்று இன்று உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் கருத்தை 1971இல் எழுதியவரும் அவரே. மருத்துவம் யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகப் போய்ச் சேர்கிறது, சந்தையின் கையில் விடவிட இது மோசமாகும் என்பது அதன் சாரம். விருதுநகர் மாவட்டத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையிராது.

நம் பக்கத்திலும் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, சென்னையை ஒட்டிய கிராமங்களில் பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, வீடுவீடாக ரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கச் செய்தார். கண்டறியப்பட்டவர்களுக்கு மிக மலிவான பழைய மருந்துகளையே கொடுத்தார். சிறுநீரகத்தைக் காக்கத் தொடங்கிய வேலை அது. அழுத்தம் குறைந்தால் மூளையும் சேர்ந்தே பிழைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. குடும்ப மருத்துவர் என்றதும் நமக்குள் ஓர் ஏக்கம் கிளம்பிவிடுகிறது. கைராசி டாக்டர், சீசாவில் காகிதப் பட்டை ஒட்டிய சிவப்பு மிக்ஸ்சர், மூன்று தலைமுறையைப் பெயர் சொல்லி அழைத்தவர் என்று. அந்த மனிதர்கள் மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் பக்கவாதத்தைப் பொறுத்தவரை அவர்களால் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தம் கசிந்து இறந்தபோது அவருடைய அழுத்தம் 300/190 என்று பதிவாகியிருக்கிறது. அருகிலேயே இதய மருத்துவர் இருந்தார், ஓராண்டாக அளந்துகொண்டும் இருந்தார். கொடுக்கத்தான் மருந்து இல்லை. தாங்கிக்கொள்ளக்கூடிய அழுத்த மாத்திரைகள் 1950களின் இறுதியில்தான் வந்தன. அவை பக்கவாதத்தைத் தடுக்கின்றன என்பது 1967, 1970ஆம் ஆண்டுகளில் வெளியான அமெரிக்கப் படைவீரர் ஆய்வுகளில் உறுதியானது. ஆக, மருத்துவர் வீடு தேடி வந்த காலத்தில் மருந்து இல்லை. மருந்து வீடு தேடி வரும் காலத்தில் மருத்துவர் இல்லை. நான் கேட்பது பழைய டாக்டரை அல்ல. அவருடைய நெருக்கத்தையும் இன்றைய அறிவையும் ஒருசேரக் கொண்ட ஒருவரை.

அவர் செய்ய வேண்டியவை மூன்று என்று நினைக்கிறேன்.

முதலாவது, நோய் வருமுன். எதற்கு வந்தாலும் அழுத்தம் பார்ப்பது. 140/90க்கு மேல் என்றால் பதிவேட்டில் ஏற்றுவது, மறுமுறை வரவேண்டிய நாளில் வராதவரைக் கேட்டறிவது. அதோடு, நாடி பிடிப்பது. நாடி பிடித்தல் நம் மரபின் பெருமை என்று மேடைகளில் பேசுகிறோம். இன்றைய மருத்துவமனை அவசரத்தில் மணிக்கட்டைத் தொடும் பழக்கமே அருகிவிட்டது. மூன்று விரலை அரை நிமிடம் வைத்துப் பார்த்தால் துடிப்பு ஒழுங்கு தப்பியிருப்பதை உணரலாம். இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கும் அந்நோய் பக்கவாத அபாயத்தை ஐந்து மடங்காக்குகிறது. உரிய மருந்தால் அந்த அபாயத்தைப் பெருமளவு குறைக்கலாம். பிறகு, சிறு தாக்கு. கை பத்து நிமிடம் மரத்துப்போய், வாய் குழறி, தானே சரியாகிவிடும். 'ஒன்றுமில்லை, பித்தம்' என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அடுத்த சில நாள்களில் பெரிய தாக்குதல் வரலாம் என்பதற்கான கடைசி மணி அது. அந்த நாள்களில் உடனே மருத்துவம் தொடங்கினால் அடுத்து வரும் பக்கவாதத்தை 80 விழுக்காடு வரை குறைக்கலாம் என்று ஆக்ஸ்போர்டில் நடந்த ஆய்வொன்று 2007இல் காட்டியது. 'பித்தம்' என்ற சொல்லைக் கேட்டதும் காது நிமிரக்கூடியவர், அந்த வீட்டை அறிந்த மருத்துவர்தான்.

இரண்டாவது, தாக்கிய அந்த மணி நேரம். இதில் மருத்துவர் செய்ய வேண்டியதைவிடச் செய்யாமல் இருக்க வேண்டியதே அதிகம். அடைப்பா கசிவா என்பதைச் சி.டி. ஸ்கேன் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் மருத்துவம் நேரெதிர். ஆகவே ஸ்கேனுக்கு முன் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. அழுத்தத்தைத் தடாலென்று இறக்க நாக்கடியில் மருந்து வைக்கக் கூடாது, அது மூளையின் மிச்ச ரத்தத்தையும் பறித்துவிடும். 'ஒரு பாட்டில் ஏற்றிப் பார்ப்போம்' என்று இரண்டு மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. கட்டியைக் கரைக்கும் ஊசிக்குரிய காலம் நாலரை மணி நேரம். பெரிய குழாய் அடைப்பில் கட்டியைக் கம்பி வழியே எடுக்கும் சிகிச்சை, தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடப் பயன் தரும் என்று 2018இல் தெரியவந்தது. எனினும் ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது ஒரு மதிப்பீடு.

சிவகாசியிலிருந்து மதுரை ஏறக்குறைய 75 கிலோமீட்டர். ஏழாயிரம்பண்ணை போன்ற ஊர்களுக்கு அதைவிடக் கூடுதல். விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபின் தொலைவு குறைந்திருக்கிறது, அது பெரிய ஆறுதல். ஆனால் சாலையில் போகும் நேரத்தைவிட வாசலில் போகும் நேரமே அதிகம். 'எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம்', 'புறா ரத்தம் தடவினால் கேட்கும்', 'காலையில் பார்த்துக்கொள்வோம்' என்று. முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, எந்த நேரத்தில் தொடங்கியது என்ற நான்கு கேள்விகளும், 108 என்ற எண்ணும், எந்த மருத்துவமனையில் ஸ்கேனும் ஊசியும் இரவிலும் கிடைக்கும் என்ற தகவலும் வீட்டில் இருந்துவிட்டால் போதும். இதை முன்கூட்டியே சொல்லி வைக்கக்கூடியவர் குடும்ப மருத்துவரே. தீ விபத்தில் எங்கே ஓடவேண்டும் என்பதை அறிந்த வட்டாரம் இது. இதையும் கற்றுக்கொள்ளும்.

மூன்றாவது, தாக்கியதற்குப் பிறகு. இதை நாம் பேசுவதே இல்லை. அருப்புக்கோட்டை 1977இல் சட்டமன்றத்துக்கு அனுப்பிய எம்.ஜி.ஆர்., 1984இல் சிறுநீரகக் கோளாறும் பக்கவாதமும் வந்து நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனைவரை போய் மீண்டார். முதல்வராகவும் தொடர்ந்தார். குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. மாநிலமே காத்துநின்ற ஒருவருக்கே அப்படி என்றால், திரி வைக்கும் பெண்ணின் வலக்கை போனபின் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அவருடைய கூலி நிற்கும். அவரைப் பார்த்துக்கொள்ள மகள் வேலையை விடுவாள், இரண்டாவது கூலியும் நிற்கும். படுக்கைப்புண், விழுங்கும்போது புரையேறுதல், யாரிடமும் சொல்லாத மனச்சோர்வு, எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டாவது தாக்குதல். பக்கவாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று ஏற்கெனவே வந்தவர்களுக்கே வருவது. பெரிய மருத்துவமனை பத்தாம் நாள் அனுப்பிவிடும், அதைக் குறை சொல்ல முடியாது. பதினோராம் நாளிலிருந்து பத்தாண்டுகள் யாருடையவை? குறளின் 'மருந்து' அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பார்ப்பவரையும் சேர்த்தே மருத்துவத்தை நான்காகக் கணக்கிடுகிறது. அந்த நான்காமவருக்குத் துணை நிற்பதும் குடும்ப மருத்துவரின் வேலைதான்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுசென்றது. 2024இல் பணியிடங்களுக்கே சென்று தொழிலாளரைச் சோதிக்கும் திட்டமும் வந்தது. கட்டுப்பாட்டு விகிதம் உயர்ந்ததில் இவற்றுக்குப் பங்கிருக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அளவை மாற்ற முடியாது. கால் வீங்குகிறது என்று நிறுத்தியவருக்கு வேறு மாத்திரை எழுத முடியாது. அதற்கு மருத்துவர் வேண்டும், அதுவும் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும் மருத்துவர். ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவரோ மேற்படிப்புத் தேர்வுக்கும் இடமாற்றத்துக்கும் நடுவில் வாழ்கிறார். எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவரை 'வெறும் எம்.பி.பி.எஸ்.' என்று சொல்லும் சமூகம் நாம். அந்த 'வெறும்' என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கும் விலையில் பக்கவாதமும் ஒன்று.

ஆகவே என் தரப்பு இது. இந்த வட்டாரத்தின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெயர் சொல்லி ஒரு மருத்துவர் இருக்க வேண்டும். அரசு மருத்துவர் போதாத இடத்தில், சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் தெருக்களில் மாலையில் மருத்துவம் பார்க்கும் தனியார் பொது மருத்துவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். இ.எஸ்.ஐ. திட்டத்தில் சில மாநிலங்களில் தனியார் மருத்துவர்களைப் பட்டியலில் சேர்த்து, பதிந்த தொழிலாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஊதியம் தரும் முறை நெடுங்காலமாகவே உண்டு. போடும் ஊசிக்கோ ஏற்றும் பாட்டிலுக்கோ பணம் தராமல், பதிவேட்டில் எத்தனை பேருடைய அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்பதற்குப் பணம் தரலாம். ஆலை வண்டி திரும்பும் மாலையிலும் ஞாயிறு காலையிலும் மருத்துவமனை திறந்திருக்கட்டும். உரிமம் புதுப்பிக்கும்போது மணல் வாளியைச் சோதிப்பதுபோல, தொழிலாளர்களின் அழுத்தப் பதிவேட்டையும் கேட்கட்டும்.

பொது மருத்துவர்களிடம் இதை ஒப்படைக்க முடியுமா, அவர்களுக்கு ஊசியும் பாட்டிலும்தானே தெரியும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஊசிக்குக் காசு கொடுக்கும் நோயாளியும் பேச்சுக்குக் காசு தராத சமூகமும் சேர்ந்து உருவாக்கிய வழக்கம் அது. நல்ல மருத்துவர்கள் அதை மீறியே வந்திருக்கிறார்கள். வடசென்னையில் பல்லாண்டுகள் ஐந்து ரூபாய்க்கு மருத்துவம் பார்த்து 2018இல் மறைந்த ஜெயச்சந்திரனை மக்கள் எப்படி அனுப்பிவைத்தார்கள் என்பதைக் கண்டோம். ஆனால் தியாகிகளை நம்பி ஒரு மாவட்டத்தின் மருத்துவத்தை நடத்த முடியாது. தியாகம் செய்யாத, சாதாரணமான, ஓரளவு நல்ல மருத்துவர் ஒருவர் தம் வேலையை ஒழுங்காகச் செய்தாலே போதும் என்ற நிலைமையை அமைத்துக்கொடுப்பதுதான் அரசின் வேலை.

ஒரு வெடி விபத்து நடந்த மறுநாள் ஆய்வாளர்கள் வருகிறார்கள், அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணுகிறார்கள், உரிமத்தைக் கேட்கிறார்கள். ஐம்பது வயதில் ஒருவர் வாய் கோணிப் படுத்தால், கடைசியாக அவருடைய அழுத்தத்தை யார் அளந்தார்கள், எப்போது அளந்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினாலே பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் தேவைப்படுவார். குடும்ப மருத்துவரை நாம் திரும்பப் பெறும் வழி அங்கிருந்து தொடங்கலாம்.